8ஆம் ஃபிரெட் முதல் 10ஆம் ஃபிரெட் வரை: கிட்டாரில் ‘கேண்டலூப் ஐலண்ட்’

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘கேண்டலூப் ஐலண்ட்’ ஒரு சுற்றுக்கு 16 பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை). அதில் வரும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மூன்றே மூன்று. எஃப் மைனர் 7 நான்கு பார், டி ஃபிளாட் 7 நான்கு பார், டி மைனர் 7 நான்கு பார், மறுபடி எஃப் மைனர் 7 நான்கு பார். தாளில் பார்த்தால் ஒரு சாயங்கால வேலை. விரலைப் படுக்கவைத்துக் கார்ட் பிடிக்கத் தெரிந்த எவரும் அன்றைக்கே மூன்றையும் பிடித்துவிடுவார்கள். ஆனால் வாசித்தால் உருப்படி எழுந்து நிற்காது. கை 1ஆம் ஃபிரெட்டிலிருந்து (ஃபிரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) 9க்கும், 9லிருந்து 5க்கும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் தாளத்தில் ஒரு சின்ன ஓட்டை விழும். ஜாஸ்-ஃபங்க் வாசிப்பில் அந்த ஓட்டை உடனே காதில் குத்தும். அதனால் இங்கே சொல்வது வேறு வழி: மூன்று கம்பி, மூன்று ஃபிரெட், அதற்குள்ளேயே 16 பாரும்.

முதலில் மூலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1964 ஜூன் 17 அன்று நியூ ஜெர்சியின் வான் கெல்டர் ஸ்டுடியோவில் பதிவானது. ப்ளூ நோட் வெளியிட்ட ‘எம்பிரியன் ஐல்ஸ்’ தட்டில் இருக்கிறது. பியானோ ஹான்காக், கார்னெட் ஃபிரெடி ஹப்பர்ட், பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் அப்போது 18 வயதான டோனி வில்லியம்ஸ். கவனிக்க வேண்டியது, அந்தப் பதிவில் கிட்டார் கிடையாது. கிட்டார்காரர் ‘நகல்’ எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. பியானோவின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். கிட்டார் எப்படி உள்ளே நுழைகிறது என்று கேட்க வேண்டுமானால் 1976இல் வந்த ‘சீக்ரெட்ஸ்’ தட்டில் ஹான்காக்கே இதை மறுபடி எடுத்திருக்கிறார்; அதில் வா வா வாட்சன், ரே பார்க்கர் ஜூனியர் என்று இரண்டு கிட்டார். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு கிட்டாரைத் தொடுவது நல்லது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த மூன்று கார்டையும் இப்படிச் சொல்லலாம். முதல் நான்கு பார் 4 கட்டையில் கரகரப்பிரியா. அடுத்த நான்கு பார் 1½ கட்டையில் வாசஸ்பதி. மூன்றாவது நான்கு பார் 2 கட்டையில் கரகரப்பிரியா. பிறகு திரும்பவும் 4 கட்டை. ஸ்வரங்கள் அப்படியே பொருந்தும். கமகத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. நம் கச்சேரியில் ஆதார ஷட்ஜம் அசையாது, இதில் ஷட்ஜமே நகர்கிறது. ஆகவே எஃப்பில் தம்புரா பெட்டியைப் போட்டுவிட்டுப் பழகக் கூடாது. டி மைனரில் அந்த எஃப் காந்தாரமாக ஒட்டிக்கொண்டு, கார்ட் மாறியதே தெரியாமல் செய்துவிடும்.

எந்த ஸ்வரம் எங்கே மாறுகிறது என்பதுதான் முழுக் கணக்கும். எஃப் மைனர் பகுதியில் எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி, டி, ஈ ஃபிளாட். டி ஃபிளாட் 7க்குப் போகும்போது இந்த ஏழில் ஐந்து அப்படியே நிற்கின்றன. சி மட்டும் ஒரு ஃபிரெட் இறங்கி சி ஃபிளாட் ஆகிறது, அதாவது பி இருக்கும் இடம். டி இறங்கி டி ஃபிளாட் ஆகிறது. பழகுபவர்கள் இரண்டாவது நான்கு பாரில் பழைய சியை விடாமல் வாசிப்பதை அடிக்கடி கேட்கலாம். அது டி ஃபிளாட்டின் மேஜர் 7 ஒலி. கார்டின் காரமே போய்விடும். மூன்றாவது பகுதியில் ஏ ஃபிளாட்டை விட்டு ஏக்கு ஏற வேண்டும். இந்த ஏ சரியாக ஒலித்தால்தான் கேட்பவருக்கு வேறு ஊருக்கு வந்துவிட்டோம் என்பது புரியும்.

இனி பிடிகள். 6ஆம் கம்பி தடித்தது, 1ஆம் கம்பி மெல்லியது. கீழே உள்ள எண்கள் 4, 3, 2 ஆகிய மூன்று கம்பிகளுக்கு மட்டும், அதே வரிசையில். மற்ற மூன்று கம்பிகள் ஒலிக்கக் கூடாது.

எஃப் மைனர் 7: 10-8-9
டி ஃபிளாட் 7: 9-10-9
டி மைனர் 7: 10-10-10
எஃப் மைனர் 7: 10-8-9

விரல் வைப்பில்தான் இதன் அழகு இருக்கிறது. முதல் பிடியில் மோதிர விரல் 4ஆம் கம்பி 10இல், சுட்டுவிரல் 3ஆம் கம்பி 8இல், நடுவிரல் 2ஆம் கம்பி 9இல். டி ஃபிளாட்டுக்கு நடுவிரலை எடுக்கவே வேண்டாம், அதே ஏ ஃபிளாட் இரண்டு கார்டுக்கும் பொது. மோதிர விரல் 3ஆம் கம்பி 10க்கு நகர்கிறது, சுட்டுவிரல் 4ஆம் கம்பி 9க்கு வருகிறது. டி மைனருக்கு 3ஆம் கம்பியில் இருக்கும் மோதிர விரலையே மூன்று கம்பிகளின் மேலும் படுக்க வைத்தால் போதும். திரும்பி வரும்போது அதே விரலை 4ஆம் கம்பி 10இல் நிமிர்த்திவிட்டு, சுட்டுவிரலும் நடுவிரலும் பழைய இடத்தில் அமர்கின்றன. 16 பார் முழுக்க மோதிர விரல் 10ஆம் ஃபிரெட்டை விட்டு அகலாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தாவல் என்ற பிரச்சினையே இல்லை.

படுக்கவைத்த மோதிர விரலில் 2ஆம் கம்பி சரியாக ஒலிக்காமல் போவது மிகச் சாதாரணம். காரணம், முதல் மூட்டு வளைந்து விரலின் கீழ்ப்பகுதி கம்பியை விட்டுத் தூக்கிக்கொள்வது. ஒலிக்காமல் போவது சரியாக அந்த ஏ என்பதால் இதை விட்டுவைக்க முடியாது. ஏ இல்லாவிட்டால் மிச்சம் சியும் எஃப்பும். காது இன்னும் எஃப்பிலேயே இருப்பதாக நினைக்கும். விரலை 10ஆம் ஃபிரெட் கம்பிக்கட்டைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் நடுவிரலுக்கு நேராக நகர்த்தினால் மூட்டு நிமிரும். அதற்குப் பிறகும் வராவிட்டால் மோதிர விரலை 4, 3 கம்பிகளில் மட்டும் படுக்கவைத்து, 2ஆம் கம்பிக்குச் சுண்டுவிரலைக் கொடுக்கலாம்.

ஒலிக்கக் கூடாத கம்பிகளைச் சொல்லியாக வேண்டும். திறந்த 5ஆம் கம்பி ஏ. எஃப் மைனரின் ஏ ஃபிளாட்டோடு நேராக மோதும். திறந்த 1ஆம், 6ஆம் கம்பிகள் ஈ. இந்தப் பகுதியின் ஈ ஃபிளாட்டோடு மோதும். ஆகவே இங்கே கவனக்குறைவுக்கு இடமே இல்லை. எந்த விரல் 4ஆம் கம்பியை அமுக்குகிறதோ, அந்த விரலின் நுனி 5ஆம் கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். 6ஆம் கம்பிக்குக் கட்டைவிரல் கழுத்தின் மேலே எட்டிப் பார்க்க வேண்டும். 1ஆம் கம்பியின் மேல் சுட்டுவிரலின் அடிப்பகுதி சாய்ந்திருக்கும். சரிபார்க்க ஒரே வழி: பிடியை வைத்துக்கொண்டு ஆறு கம்பிகளையும் ஒருமுறை முழுக்க வருடுங்கள். மூன்று ஸ்வரமும் மூன்று ‘டக்’கும் மட்டும் வர வேண்டும்.

தனியாக வாசித்துப் பார்த்தவர்கள் “இது எஃப் மைனர் மாதிரியே கேட்கவில்லையே” என்பார்கள். உண்மைதான். பாஸ் இல்லாமல் முதல் பிடி வெறும் ஏ ஃபிளாட் மேஜர். இரண்டாவது எஃப் டிமினிஷ்டு. மூன்றாவது எஃப் மேஜர். கார்டின் வேர் ஸ்வரத்தைப் பாஸ்காரருக்கு விட்டிருக்கிறோம். ஆகவே பாஸ் இல்லாமல் இதைப் பழகவே கூடாது. செல்போனில் நாமே ஒன்று பதிவு செய்துகொள்ளலாம்: மெட்ரோனோம் 60இல் (நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை), எஃப்புக்கு 6ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட், டி ஃபிளாட்டுக்கு 5ஆம் கம்பி 4ஆம் ஃபிரெட், டிக்கு 5ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட். பாருக்கு இரண்டு அடி போதும். 60இல் ஒரு சுற்று 64 நொடி வரும். நான்கு சுற்று எடுத்தால் நான்கே கால் நிமிடம். இதைப் போனின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் பயனில்லை. அந்த எஃப் 87 ஹெர்ட்ஸ் சுற்றில் இருக்கிறது, போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும். இயர்போனோ தனி ஸ்பீக்கரோ வேண்டும்.

பாஸ்காரரே இல்லாத இடத்தில், இரண்டு பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும்போது, வேரோடு கூடிய பிடிகள் தேவைப்படும். எஃப் மைனர் 7க்கு 6, 4, 3, 2 கம்பிகளில் எல்லாமே 1ஆம் ஃபிரெட். டி ஃபிளாட் 9க்கு 5ஆம் கம்பியிலிருந்து 2 வரை 4-3-4-4. மூன்றாவது கார்டைச் சில தாள்களில் டி மைனர் 11 என்று எழுதியிருப்பார்கள். அதற்கு 5ஆம் கம்பியிலிருந்து 1 வரை 5-5-5-6-5. சுட்டுவிரலை 5இல் படுக்கவைத்து நடுவிரலை 2ஆம் கம்பி 6இல் வைத்தால் வேலை முடிந்தது. நான்காவது ஸ்வரங்களாக அடுக்கி வரும் ஒலி, இந்த உருப்படிக்கு அவ்வளவு பொருத்தம்.

வலது கைக்கு வருவோம். ஃபங்க் தாளத்தைக் கற்றுக்கொள்ள நம்மிடம் ஏற்கெனவே நல்ல கருவி இருக்கிறது: தகதிமி. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு தகதிமி, ஒரு பாருக்கு நான்கு. ‘த’வுக்கும் ‘தி’க்கும் கை கீழே, ‘க’வுக்கும் ‘மி’க்கும் கை மேலே. கை நிற்கவே கூடாது. கார்ட் ஒலிக்காத இடங்களில் இடது கையைத் தளர்த்தி, கம்பியை விடாமல், வெறும் ‘சிக்’ ஒலி மட்டும். கீழே எழுத்து இருக்கும் இடம் கார்ட், புள்ளி இருக்கும் இடம் ‘சிக்’:

த · · மி | · · தி · | · க · · | · · தி ·

வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிப் பழகிவிட்டு கிட்டாருக்கு வாருங்கள். மூன்றாவது எண்ணிக்கையில் வரும் ‘க’ மேல்வீச்சு என்பதால் பலருக்கு 2, 1 கம்பிகள் மட்டும் உரசி 4ஆம் கம்பி விட்டுப்போகும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழிருந்து தொடங்கினால் சரியாகும். பிக் 0.60 முதல் 0.73 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கட்டும்; 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் இந்த வேகத்தில் கம்பியில் சிக்கிக்கொள்ளும்.

வேகம் 60, 72, 84, 96, 110 என்று ஏறட்டும். 110இல் ஒரு சுற்று ஏறத்தாழ 35 நொடி. வலது கை நொடிக்கு ஏழு முறைக்கு மேல் அசைய வேண்டும். இரண்டு சுற்று முழுசாக, ஒரு ‘சிக்’கும் விடுபடாமல் வந்தால் மட்டும் அடுத்த படி. 60இல் வாசிப்பதுதான் கடினம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை; இடைவெளி அகலமாக இருக்கும்போது கை தன்னால் நின்றுவிடும்.

கார்ட் மாறும் இடத்தில் ஒரு நுணுக்கம். நான்காவது பாரின் கடைசி எண்ணிக்கையில் ‘தி’யை விட்டுவிட்டு, ‘மி’யில் அடுத்த கார்டை அடியுங்கள். ஐந்தாவது பாரின் முதல் த வெறும் ‘சிக்’. கார்ட் ஒரு நூல் முந்தி விழுவதால் உருப்படி முன்னே சாய்ந்து நடக்கும். பாஸ்காரரும் இதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். அவர் ‘த’வில் இறங்கி, கிட்டார் மட்டும் ‘மி’யில் முந்தினால் அது பிழையாகவே கேட்கும்.

இந்த உருப்படியில் கூட்டமாகத் தடம் புரளும் இடம் ஒன்று உண்டு. கடைசி நான்கு பார் எஃப் மைனர், அடுத்த சுற்றின் முதல் நான்கு பாரும் எஃப் மைனர். ஆக எட்டு பார் ஒரே கார்ட். சோலோ சூடுபிடித்த நேரத்தில் யாராவது ஒருவர் நான்கு பார் முன்னதாகவே டி ஃபிளாட்டுக்குப் போய்விடுவார். கார்ட் வாசிப்பவர் இதைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். 13 முதல் 16 வரை வேறு பிடி வாசியுங்கள்: 5ஆம் கம்பியிலிருந்து 2 வரை 8-6-8-8, அதாவது எஃப் மைனர் 9. பாஸ் இருந்தால் 5ஆம் கம்பியை விட்டு 6-8-8 மட்டும். முதல் பாருக்கு வந்ததும் 10-8-9. ஒலியின் உயரம் மாறுவதைக் கேட்டே மற்றவர்கள் சுற்று தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். கண்ணால் சைகை காட்டுவதைவிட இது நம்பகமானது.

நான்கு பாரும் ஒரே பிடியில் நின்றால் சலிக்கும் என்பது நியாயமான கவலை. அதற்கும் கையைப் பெயர்க்க வேண்டாம். எஃப் மைனரில் மூன்றாவது பாரில் சுட்டுவிரலை மட்டும் ஒரு ஃபிரெட் இறக்கி 10-7-9 என்று வாசியுங்கள். ஈ ஃபிளாட் டியாகிறது; பாஸ்காரர் பி ஃபிளாட்டைத் தொட்டால் அது பி ஃபிளாட் 9. டி மைனரிலும் இதே வித்தை: 9-10-10, சி இறங்கி பியாகிறது, ஜி 9இன் சாயல் வரும். இரண்டிலும் ஒரே ஒரு ஸ்வரம்தான் அசைகிறது. டி ஃபிளாட் 7ஐ மட்டும் தொந்தரவு செய்யாமல் விடுவது நல்லது. அந்த நான்கு பாரின் பலமே அது அசையாமல் நிற்பதில் இருக்கிறது. அங்கே நிறம் வேண்டுமானால் 1ஆம் கம்பி 11இல் சுண்டுவிரலைச் சேர்த்து 9-10-9-11 ஆக்கலாம், ஈ ஃபிளாட் ஒன்பதாவது ஸ்வரமாக மேலே மின்னும். அதே விரலை டி மைனரில் 12க்கு ஏற்றினால் 10-10-10-12. இந்த இரண்டு பிடியிலும் 1ஆம் கம்பியை மியூட் செய்யும் வேலை இல்லை என்பது கூடுதல் வசதி. ஆனால் சுட்டுவிரலைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், 110இல் வருவதற்கு நாள் பிடிக்கும்.

இந்த வாசிப்பு முழுக்க 6 முதல் 12 வரை நடப்பதால் கிட்டார் அந்தப் பகுதியில் சுருதி சுத்தமாக இருந்தாக வேண்டும். நம் கரையில் அதற்குத் தனி மெனக்கெடல் தேவை. புதுச்சேரியின் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், கடலூரின் தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கம்பியை விட்டுவைக்காது. முதலில் துருப்பிடிப்பது மேலே சுற்றில்லாத 1, 2, 3 கம்பிகள். கம்பியின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்றும் நேரம். துருவேறிய கம்பி முழு நீளத்துக்கும் ஒரே சீராக அதிராது; எத்தனை சுருதி சேர்த்தாலும் 10ஆம் ஃபிரெட்டில் கார்ட் கசக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து, பையில் மூடி வைக்க வேண்டும். சுவரில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைப்பதைத் தவிர்க்கலாம். எலக்ட்ரிக் கிட்டாருக்கு 10-46 செட் இந்த வாசிப்புக்குச் சரியான அளவு. பூச்சுள்ள கம்பி விலை கூடுதல், ஆனால் இந்தக் காற்றில் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

சுருதி சரிபார்க்க: 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அமுக்காமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) எடுத்து டியூனரில் பாருங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியது உயர்ந்து நின்றால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடிலை (கம்பி அமரும் சிறு தாங்கி) பின்னால் தள்ள வேண்டும். தாழ்ந்து நின்றால் முன்னால். புதுக் கம்பியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கழுத்து மரம் ஈரம் வாங்கி வளைவு மாறும். 6ஆம் கம்பியை 1ஆம் ஃபிரெட்டிலும் 17ஆம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கி, 8ஆம் ஃபிரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும், ஒரு விசிட்டிங் கார்ட் உரசிக்கொண்டு நுழையும் அளவு. அதற்கு மேலிருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், மறுபடி சுருதி சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று.

ஒலிக்கு அதிகம் அலைய வேண்டாம். ஆம்பில் டிஸ்டார்ஷன் கூடாது, ரிவெர்ப் மிகக் குறைவு. நடு பிக்கப்பிலோ கழுத்துப் பிக்கப்பிலோ டோன் குமிழை 6, 7 அளவில் வைத்தால் ‘சிக்’கும் கேட்கும், கார்டும் கத்தாது. ரிவெர்ப் கூடினால் மியூட் அடிகள் எல்லாம் குழம்பிவிடும், தாளமே மறையும்.

பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை நாள் புதுச்சேரியிலும் நடக்கிறது. தெருவில் வாசிக்க இந்த உருப்படி நல்ல தேர்வு, கூட்டம் உடனே தலையாட்டும். ஆனால் ஏசி அறையில் சுருதி சேர்த்த கிட்டாரை ஜூன் வெயிலுக்கு எடுத்து வந்தால் கம்பி சூடேறித் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிக்கும் இடத்திலேயே கால் மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். மின்சாரம் பக்கத்துக் கடையிலிருந்து நீட்டிப்புப் பெட்டியில் வரும். மூன்று முள் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சாதாரணம். மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்றால் உடனே நிறுத்திவிட்டு வேறு இணைப்புக்கு மாற வேண்டும், அதில் பேரமே இல்லை.

முடிவை முன்னாலேயே பேசி வையுங்கள். கடைசிச் சுற்றில் 13 முதல் 16 வரை உள்ள நான்கு பாரை மூன்று முறை திருப்பி வாசித்து, மூன்றாவது முறை 16ஆம் பாரின் இரண்டாவது எண்ணிக்கையில் தியில் எல்லோரும் சேர்ந்து ஒரே அடி. அந்த அடிக்குக் கிட்டார் 6-8-8. அடித்த கணமே இடது கையைத் தளர்த்தி, வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் மேல் வைத்துவிட வேண்டும்.